துணிக் கிளிப்பும் ஐந்து விமானங்களும்

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ரேடியோ மாதிரி விமானம் பறக்கவிடும் திடலுக்குப் போனால், ஓடுபாதைக்குப் போகும் வழியில் ஒரு மரப்பலகை நிற்கும். பலகையில் வரிசையாக எண்கள். எண்களுக்குக் கீழே துணி காயப்போடுகிற கிளிப்புகள். தன் ரிமோட்டின் சேனல் எண் எதுவோ அந்தக் கிளிப்பை எடுத்து ஆன்டெனாவில் மாட்டிக்கொண்ட பிறகுதான் ஒருவர் சுவிட்சைப் போடலாம். கிளிப்பை வேறு யாராவது எடுத்துப் போயிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டிச் செய்த விமானத்தின் உயிர் அந்த ஐந்து பைசா பெறாத கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்று அந்தப் பலகைகளைப் பெரும்பாலும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ரேடியோ தொழில்நுட்பம் மாறிவிட்டது, பலகைக்கு வேலை இல்லை என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் பலகை மூன்று வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. புதிய தொழில்நுட்பம் அதில் ஒன்றை மட்டுமே தன் தலையில் ஏற்றுக்கொண்டது. மற்ற இரண்டும் பொறுப்பாளர் இல்லாமல் அப்படியே கிடக்கின்றன. கூட்டமான திடலைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இன்றைய முறையின் பலமும் ஓட்டையும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன என்பது என் கணிப்பு.

முதல் வேலை எல்லோரும் அறிந்தது. அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கென்று 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 50 சேனல்கள் இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ் பட்டை, அங்கே இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ்தான். ஒருவர் ஒரு சேனலில் பறந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் அதே சேனலில் ரிமோட்டைப் போட்டால், மேலே இருக்கும் ரிசீவருக்கு யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாது. இறக்கைகள் துடிக்கும், விமானம் தலைகுப்புற விழும். இதில் ஒரு கொடுமை உண்டு. தவறு செய்தவரின் விமானம் மேசைமேல் பத்திரமாக இருக்கும். விழுந்து நொறுங்குவது ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்தவருடையது. தன் கவனக்குறைவுக்கு அடுத்தவர் விலை கொடுக்கும் இடத்தில் வெறும் நல்லெண்ணம் போதாது. கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள் வேண்டும். கிளிப் அதுதான். ஒரு சேனலுக்கு ஒரே கிளிப், அது ஒரே நேரத்தில் இரண்டு பேர் கையில் இருக்க முடியாது. ரயில்வேயில் ஒற்றைத் தடத்துக்கு ஒரே டோக்கன் வைத்திருந்த அதே யுக்தி.

அந்த யுக்தியிலும் ஓட்டை இருந்தது. பிரிட்டிஷ் கிளப்புகளில் இரண்டு வழக்கங்கள் அருகருகே நடந்தன. சில கிளப்புகளில், மேலே சொன்னபடி, பலகையிலிருந்து கிளிப்பை எடுக்க வேண்டும். வேறு சில கிளப்புகளில் ஆள் தன் பெயர் எழுதிய கிளிப்பை வீட்டிலிருந்தே கொண்டுவந்து பலகையில் தன் எண்ணில் மாட்ட வேண்டும். இரண்டும் தனித்தனியாகச் சரியான முறைகளே. ஆனால் முதல் வகைத் திடலில் காலியான இடம் 'சேனல் உபயோகத்தில் இருக்கிறது' என்று சொல்லும். இரண்டாம் வகையில் அதே காலியிடம் 'சேனல் சும்மா இருக்கிறது, எடுத்துக்கொள்' என்று சொல்லும். ஒரு கிளப்பில் பல ஆண்டு பழகியவர் விருந்தாளியாக இன்னொரு கிளப்புக்குப் போய், பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. விதி தெரியாதவரைவிட வேறோர் இடத்து விதியை நன்றாகத் தெரிந்தவர் இங்கே பெரிய ஆபத்து. கிளப்புக்குக் கிளப் சொந்தமாக வழக்கம் ஏற்படுத்திக்கொள்ளும் சுதந்திரம் இந்தப் பொழுதுபோக்கின் பெருமை. அதன் விலையும் இதுதான்.

திடலுக்கு வெளியேயும் பிரச்சினை இருந்தது. ரேடியோ அலை வேலியோடு நிற்பதில்லை. 1936இல் தொடங்கிய அமெரிக்க மாதிரி விமானச் சங்கமான அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ், சுருக்கமாக ஏஎம்ஏ, ஏற்கெனவே இயங்கும் ஒரு திடலிலிருந்து மூன்று மைல் தூரத்துக்குள், அந்தத் திடல்காரர்களோடு அலைவரிசை ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் யாரும் பறக்கவிடக் கூடாது என்று விதி வைத்திருந்தது. கூட்டம் நிறைந்த போட்டிகளில் இன்னும் கடுமை. எல்லா ரிமோட்டுகளையும் வாங்கி ஒரே மேசையில் பூட்டி வைத்துவிட்டு, முறை வரும்போது மட்டும் கொடுப்பார்கள்.

பலகையின் இரண்டாம் வேலை யாரும் திட்டமிட்டுக் கொடுத்ததல்ல. விமானத்தோடு வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் பலகைக்கு நடந்தாக வேண்டும். அங்கே இன்னொருவர் நிற்பார். "நீங்க எந்தச் சேனல்? எவ்வளவு நேரம் பறப்பீங்க?" என்று பேச்சு தொடங்கும். புதியவர் யார், பழையவர் யார், இன்று காற்று எந்தப் பக்கம், யாருடைய இன்ஜின் மக்கர் செய்கிறது எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்றாம் வேலை எண்ணிக்கை. ஒரே சேனலில் நாலு பேர் வந்திருந்தால் மூன்று பேர் கீழே இருப்பார்கள். தனியாக யாரும் கட்டுப்படுத்தாமலே வானத்தில் கூட்டம் ஓரளவு குறைந்தது.

2005இல் ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் டிஎக்ஸ்6 ரிமோட் சந்தைக்கு வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில், காலியாக உள்ள இடத்தைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும் ரிமோட். ரிமோட்டும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்வதால் அடுத்தவர் ரிமோட்டின் கட்டளையை ரிசீவர் கண்டுகொள்ளாது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர, சில ஆண்டுகளில் பழைய பட்டைகள் திடல்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தன. இது முன்னேற்றம் இல்லை என்று எவராவது சொன்னால் அவர் பழைய காலத்தில் விமானம் விழக் கொடுத்தவர் அல்லர். அடுத்தவர் சுவிட்சைப் போட்டதால் நம் விமானம் விழும் கதை அதோடு முடிந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒருவர் காரை நிறுத்திவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், ஐந்து நிமிடத்தில் வானத்தில் இருக்க முடியும் என்ற நிலையும் அப்போதுதான் வந்தது. முன்பு நாலு பேர் வரிசையில் நின்ற இடத்தில் இப்போது நாலு பேரும் மேலே. ரேடியோ மோதல் தீர்ந்து வானமோதல் கூடியது. பல கிளப்புகள் ஒரே நேரத்தில் நான்கு, ஐந்து விமானங்களுக்கு மேல் பறக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கின்றன. எழுதி வைத்ததை எண்ணிப் பார்ப்பது யார்? பறந்துகொண்டிருப்பவர் தன் விமானத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது. எடுத்தால் அதுவே ஆபத்து. ஆகவே ஆறாவது ஆள் வந்து நிற்பதை ஐந்து பேரும் பார்ப்பதில்லை.

பலகை போன பிறகு மிஞ்சியிருக்கும் பாதுகாப்பு முறையில் மிக உறுதியானது ஒரு கோடு. ஓடுபாதைக்கு இணையாக, அதிலிருந்து சற்றுத் தள்ளி, பைலட்டுகள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் விமானங்கள். பின்னால் விமானத்தைத் தயார் செய்யும் மேசைகள், அதற்கும் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் பார்வையாளர், கார் நிறுத்தம். எந்த விமானமும் இந்தக் கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் வரக் கூடாது. இவ்வளவுதான் விதி. குழந்தைக்கும் புரியும், வாதத்துக்கு இடமில்லை, மீறினால் எல்லோருக்கும் தெரியும். உலகமெங்கும் மாதிரி விமானத் திடல்களில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை வெறும் மரத்தூளும் நொறுங்கிய நுரைப் பலகையுமாக முடிவதற்குக் காரணம் பைலட்டுகளின் திறமை என்று நான் நினைக்கவில்லை. விழும் பொருள் ஆளில்லாத பக்கம் விழுகிறது, அதுதான் காரணம்.

இந்தக் கோடு எதிலிருந்து காப்பாற்றுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டரைக் கிலோ விமானம் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வருவது சாதாரணம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 780 ஜூல். மணிக்கு 140 கிலோமீட்டரில் வேகப்பந்து வீச்சாளர் வீசும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் 120 ஜூல் அளவு. அதாவது ஆறு பந்துக்கு மேல், ஒரே அடியில், முனையில் சுழலும் புரொப்பெல்லரோடு. டர்பைன் ஜெட் மாதிரிகளுக்கு ஏஎம்ஏ வைத்திருக்கும் வேக உச்சவரம்பு மணிக்கு 200 மைல். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே மனம் வராது. பொம்மை என்ற சொல் இங்கே பொருந்தாது.

கோட்டின் குறை அது அசையாமல் இருப்பது. காற்று அசைகிறது. ஓடுபாதைக்குக் குறுக்காக, பைலட்டுகளை நோக்கிக் காற்று அடிக்கும் நாளில், இறங்க வரும் ஒவ்வொரு விமானமும் ஆட்கள் நிற்கும் பக்கமாகத் தள்ளப்படுகிறது. இறங்குவதற்கு முன் கடைசியாகத் திரும்பும் இடம்தான் மிக மோசம். வேகம் குறைந்திருக்கும், இன்ஜின் தணிந்திருக்கும், முகப்பு நம்மை நோக்கியிருக்கும். விமானம் எதிரே வரும்போது இடது வலது மாறித் தெரியும் என்பது இந்தக் கலையின் முதல் பாடம். நிதானத்தில் நினைவிருக்கும் அந்தப் பாடம் பதற்றத்தில் மறந்துபோகும். வலதுபக்கம் திருப்ப வேண்டிய கை இடதுபக்கம் போய்விட்டால் விமானம் கோட்டைத் தாண்டிவிடும். ஏஎம்ஏயின் பாதுகாப்பு விதி, ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, கோட்டில் நிற்கும் பைலட்டையும் அவரது உதவியாளரையும் விட்டு மற்றவர்களிடமிருந்து விமானம் 25 அடியாவது விலகியிருக்க வேண்டும் என்று பல காலம் சொல்லி வந்தது. 25 அடி என்பது மேற்சொன்ன விமானத்துக்கு மூன்றில் ஒரு பங்கு விநாடி. அந்த நேரத்தில் தலையைக் குனிய முடியாது. மிகக் குறைந்த எல்லையாகச் சொல்லப்பட்ட அளவைப் போதுமான அளவாக எடுத்துக்கொண்டு திடலை அமைக்கும் பழக்கம் சரியல்ல. காற்றுக்கு ஏற்பத் திடலை மூடும் துணிச்சல் உள்ள கிளப்புகள் குறைவு. ஐம்பது மைல் காரோட்டி வந்தவரிடம் "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

அடுத்தது கூவல். ஏறுவதற்கு முன் 'டேக்கிங் ஆஃப்', இறங்குவதற்கு முன் 'லேண்டிங்', விழுந்து கிடக்கும் விமானத்தை எடுக்க ஓடுபாதைக்குள் போகும்போது அதற்கொரு கூவல், இன்ஜின் நின்றுபோனால் 'டெட்ஸ்டிக்'. இந்தக் கடைசிச் சொல் கேட்டால் மற்ற எல்லோரும் ஒதுங்க வேண்டும். அந்த விமானத்துக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது, அதற்கே முதல் உரிமை. இந்த முன்னுரிமை வரிசை அழகானது. யாருக்கு மிகக் குறைந்த வழிகள் மிச்சமிருக்கின்றனவோ அவருக்கு வழி விடுகிறது. ஓடுபாதைக்குள் ஆள் இருக்கும் நேரத்தில் யாரும் இறங்கக் கூடாது என்பதும் அதே நியாயம்தான்.

கூவல் ஏன் தேவைப்படுகிறது என்பதைக் கண்ணின் குறையிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். நம் இரு கண்களுக்கு நடுவே ஆறரை சென்டிமீட்டர் அளவுதான் இடைவெளி. கையெட்டும் தூரத்தில் ஆழத்தை அளக்க அது அருமையான கருவி. 150 மீட்டர் தள்ளி, நீல வானத்தைப் பின்னணியாக வைத்துப் பறக்கும் ஒன்றரை மீட்டர் இறக்கையை அளக்க அது உதவாது. அங்கே கண் சொல்வதெல்லாம் மேலே, கீழே, இடம், வலம் மட்டுமே. முன்னே, பின்னே கிடையாது. இரண்டு விமானங்கள் உரசிக்கொள்வதுபோல் தெரியும், உண்மையில் நாற்பது மீட்டர் இடைவெளி இருக்கும். நன்றாக விலகியிருப்பதாகத் தோன்றிய இரண்டு அடுத்த நொடி ஒன்றில் ஒன்று புகுந்திருக்கும். எதிரெதிரே மணிக்கு 90இல் வரும் இரண்டும் விநாடிக்கு 50 மீட்டர் வீதம் நெருங்குகின்றன. நூறு மீட்டர் இடைவெளி என்பது இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியில் கண் நம்பகமாக ஒன்றும் சொல்லாது. அடுத்தவர் என்ன செய்யப் போகிறார் என்பது முன்பே காதில் விழுந்திருந்தால் மட்டுமே பயன்.

இங்கேதான் நடைமுறை பல்லிளிக்கிறது. பெட்ரோல் இன்ஜின் அலறும்போது இருபது அடி தள்ளி நிற்பவர் சொன்னது கேட்காது. இந்தக் கிளப்புகளில் தலை நரைத்த உறுப்பினர்கள் ஏராளம். காதுக்கருவி வைத்தவர்கள் காற்றில் இரைச்சலைத்தான் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூவியதற்குப் பதில் சொல்லும் வழக்கம் கிடையாது. 'லேண்டிங்' என்று ஒருவர் கூவுகிறார். நாலு பேர் கேட்டார்களா, இரண்டு பேரா, யாருமே இல்லையா? கூவியவருக்குத் தெரியாது. கடமை முடிந்தது என்று இறங்கத் தொடங்குகிறார். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறு விமான நிலையங்களில் நிஜ விமானிகளும் இப்படித்தான் தங்கள் நிலையைத் தாங்களே அறிவித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோர் காதிலும் ஒரே அலைவரிசை ஹெட்போனில் ஒலிக்கிறது. மாதிரி விமானிகள் அந்த முறையைக் கடன் வாங்கினார்கள், ஹெட்போனை விட்டுவிட்டார்கள்.

ஈடுசெய்ய எளிய வழி இருக்கிறது. பல கிளப்புகளில் அதற்குரிய ஆளும் இருக்கிறார். பைலட்டின் தோளருகே நின்று மற்ற விமானங்களைப் பார்த்துச் சொல்லும் ஸ்பாட்டர்தான் அவர். அவர் கண் ஒரே விமானத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை. அடுத்த ஸ்பாட்டரைப் பார்த்துக் கையசைக்கலாம், "கேட்டது" என்று பதில் கூவலாம். போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் அவரைத் தவறாமல் நிறுத்துகிறார்கள். வாராந்திரப் பறப்பில் அவர் மேசைப் பக்கம் காபியோடு உட்கார்ந்திருக்கிறார். பைலட்டுகள் எல்லோரும் நெருக்கமாக, பேச்சுக் குரலே கேட்கும் தூரத்தில் நிற்க வேண்டும் என்பதும் இதனால்தான் முக்கியம். தனக்கு இடைஞ்சல் என்று ஓடுபாதையின் கோடியில் போய்த் தனியாக நிற்பவரை நான் திடலின் மிக ஆபத்தான மனிதர் என்பேன், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

மேசைப் பக்கம் என்றதும் இன்னொன்று. பழைய இன்ஜின் விமானம் எப்போது ஆபத்து என்பதைச் சத்தமே சொல்லிவிடும். அதை ஸ்டார்ட் செய்யவே ஒருவர் மண்டியிட்டுப் போராட வேண்டும். மின்மோட்டார் விமானம் பேட்டரியைச் செருகிய கணத்திலிருந்து ஆயத்தம், சத்தம் கிடையாது. பல விமானங்களின் அமைப்புகளை ஒரே ரிமோட் நினைவில் வைத்திருக்கிறது. போன வாரம் பறந்த விமானத்தின் அமைப்பு திரையில் இருக்க, இந்த வார விமானத்தின் பேட்டரியைச் செருகுகிறார் ஒருவர். சில நிறுவனங்களின் ரிமோட்டில் வேகக்கட்டுப்பாட்டின் திசையே மற்றவற்றுக்கு நேர்மாறு. ஃபுட்டாபா இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். அமைப்பு மாறிப்போனால், குச்சி கீழே இருக்கும்போதே மோட்டாருக்கு முழுவேகக் கட்டளை போகக்கூடும். மேசைமேல் இருந்த விமானம் எகிறி எதிர்மேசைக்காரரின் முழங்கை நோக்கிப் போகும். நல்ல வேகக்கட்டுப்பாட்டுக் கருவிகள் இதைத் தடுக்கும், எல்லாம் நல்லவை அல்ல. இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி நேரும் காயம் வானிலிருந்து விழும் விமானத்தால் வருவதில்லை. புரொப்பெல்லர் விரலைக் கிழிப்பதால் வருகிறது. ஆக, கோட்டுக்கு முன்பக்கத்தை மிகக் கவனமாக ஒழுங்குபடுத்திய முறை, பின்பக்கத்தைத் தனியாள் பொறுப்பில் விட்டுவிட்டது. பேட்டரியைச் செருகுவது கோட்டருகே, விமானத்தைக் கட்டிவைத்த பிறகு மட்டுமே என்று சில கிளப்புகள் வைத்திருக்கும் விதியைப் பொதுவிதியாக ஆக்குவதில் என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

எல்லா விமானமும் ஒரே மாதிரி பறப்பதாக எண்ணி ஏற்பட்டவை இந்த முறைகள். காற்றை எதிர்த்து ஏறு, ஒரே திசையில் வட்டமிடு, காற்றை எதிர்த்து இறங்கு. பயிற்சி விமானங்களுக்கு இது கச்சிதம். ஓடுபாதையின் நட்டநடுவே மூக்கை மேலே நிறுத்தி ஐந்து நிமிடம் தொங்கவிடும் சாகசக்காரர் வந்தால் வட்டம் உடைந்துவிடும். இன்ஜினே இல்லாத கிளைடர் எப்போதுமே டெட்ஸ்டிக்தான். ஹெலிகாப்டருக்கு ஓடுபாதையே வேண்டாம். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில் 19 வயது இளைஞர், தான் ஓட்டிய மாதிரி ஹெலிகாப்டரே தாக்கி இறந்துபோனார். அதனால் ஹெலிகாப்டருக்குத் தனியிடம் ஒதுக்கும் கிளப்புகள் செய்வது சரி. இடமில்லாத கிளப்புகள் மணிக்கணக்கில் நேரம் பிரித்துக் கொடுக்கின்றன. அது கசப்பைத்தான் வளர்க்கிறது, ஆனாலும் ஆளைக் காப்பாற்றுகிறது. கண்ணாடித்திரை மாட்டிக்கொண்டு விமானத்தின் கேமரா வழியே பறப்பவருக்குத் திடலே தெரியாது. அமெரிக்கச் சட்டம் அவர் பக்கத்தில் நேரடியாகப் பேசக்கூடிய பார்வையாளர் ஒருவர் நிற்க வேண்டும் என்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஸ்பாட்டர் வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவது இவர் ஒருவரை மட்டுமே. மற்றவர்களுக்குக் கண் தெரிகிறது என்று சட்டம் நம்புகிறது. 150 மீட்டரில் என்ன தெரிகிறது என்று மேலே பார்த்தோம்.

இதையெல்லாம் யார் நடைமுறைப்படுத்துகிறார்கள்? சம்பளமில்லாத பாதுகாப்பு அலுவலர், அவரும் ஒரு உறுப்பினர். புதிதாக வந்த இளைஞன் கோட்டைத் தாண்டினால் அவருக்குக் குரல் வரும். கிளப்பை நிறுவிய, புல்வெட்டும் இயந்திரத்தை நன்கொடையாகக் கொடுத்த பெரியவர் தாண்டினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். சங்கம் வைத்து நடத்திய எவருக்கும் இது தெரிந்த கதை. பிரிட்டனில் 1922 முதல் இயங்கும் சங்கம், இன்றைய பிஎம்எஃப்ஏ, 'ஏ', 'பி' என்று திறன் சான்றிதழ்கள் கொடுக்கிறது. பாதுகாப்பாகத் தனியே பறக்கத் தெரியும் என்பதற்கு முதலாவது. பொதுமக்கள் முன்னிலையில் பறக்கும் தகுதிக்கு இரண்டாவது. பறந்து காட்டுவதோடு விதிகள் பற்றிய கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். உண்மையான தேர்வு இது, இந்த முறையின் பெரிய பலங்களில் ஒன்று. ஆனால் நாற்பது வயதில் வாங்கிய சான்றிதழ் எழுபத்தைந்திலும் சட்டைப்பையில் இருக்கும். கண் அப்படியே இருக்காது. காப்பீடு ஓரளவு கடிவாளம் போடுகிறது. ஏஎம்ஏ உறுப்பினருக்கு ஒரு விபத்துக்கு 25 லட்சம் டாலர் வரை பொறுப்புக் காப்பீடு உண்டு. பாதுகாப்பு விதியை மீறினால் அந்தப் பணம் சிக்கலாகும் என்ற பயம் பல கூட்டங்களில் அறிவுரையைவிட நன்றாக வேலை செய்கிறது.

அரசாங்கமும் இடையில் நுழைந்திருக்கிறது. அமெரிக்காவில் 2018இல் வந்த சட்டம் பொழுதுபோக்குக்காகப் பறப்பவர்கள் ஒரு தேர்வு எழுத வேண்டும் என்கிறது. தவறான பதில் சொன்னால் காரணம் சொல்லித் திருத்த வைத்து, எல்லாம் சரியாகும் வரை விடாத தேர்வு. தோற்கவே முடியாது. விமானம் தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ரேடியோவில் ஒலிபரப்ப வேண்டும் என்ற ரிமோட் ஐடி விதி 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வர, அதைக் கண்டிப்பாக அமல்படுத்துவது 2024 மார்ச்சில் தொடங்கியது. அங்கீகாரம் பெற்ற திடல்களுக்குள் அந்தக் கருவி இல்லாமலே பறக்கலாம். திடலுக்கு வெளியே நிஜ விமானங்களையும் நகரங்களையும் காக்க இவை தேவையாக இருக்கலாம், மறுக்கவில்லை. திடலுக்குள்ளே, தோளோடு தோள் நிற்கும் ஐந்து பேருக்கு இவை எதுவும் செய்வதில்லை. அரசு திடலை வரைபடத்தில் ஒரு வட்டமாகப் பார்க்கிறது. வட்டத்துக்குள் நடப்பது உறுப்பினர்களின் பாடு. அங்கீகாரம் வாங்கியாகிவிட்டது, இனி நாம் பாதுகாப்பான திடல் என்று கிளப்புகள் நினைக்கத் தொடங்குவதுதான் எனக்குக் கவலை.

மொத்தத்தில் முறை மோசமானதல்ல. கோடு அற்புதம். முன்னுரிமை வரிசை நியாயம். சான்றிதழ் பாதி வேலை. கூவல் கால்வாசி. எண்ணிக்கைக் கட்டுப்பாடு காகிதத்தில் மட்டும். கழற்றிப்போட்ட பலகையில் சேனல் எண்களை அழித்துவிட்டு ஐந்தே ஐந்து கொக்கிகளை அடித்து வைத்திருந்தால் அந்தக் கடைசிக் குறை வந்திருக்காது. ஒரு சில கிளப்புகள் பைலட் நிற்கும் இடங்களையே எண்ணி, ஐந்து கூண்டுகள் மட்டும் வைத்து அதே காரியத்தைச் சாதிக்கின்றன. கூண்டு காலியானால்தான் அடுத்தவர். எண்ண ஆள் வேண்டாம், இடமே எண்ணிக்கொள்ளும்.

இந்தியாவில் 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானத்தைத்தான் பிரிக்கின்றன. திடலுக்குள் எப்படி நிற்பது என்பது நம் கையில் இருக்கிறது. என்சிசி விமானப் பிரிவிலும் பொறியியல் கல்லூரிகளிலும் மாதிரி விமானம் கற்கும் நம் பிள்ளைகள் வெளிநாட்டுத் திடல் வரைபடத்தை அப்படியே நகலெடுக்க வேண்டாம். வெயில் முதுகில் அடிக்க வேண்டும் என்று அங்கே பைலட்டுகளை வடக்கு நோக்கி நிறுத்துவார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிவெயில் சற்று வடக்கிலிருந்துதான் வரும். எந்த நேரத்தில் பறப்போம் என்று பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள். ஆனால் கோட்டை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்றால் மைதானத்தைச் சுற்றி நாலு பக்கமும் வட்டமாக நின்று பார்ப்பது நம் ஊர் வழக்கம். கல்லூரி விழாவில் விமானம் பறக்கவிடும் அமைப்பாளர்கள் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், அத்தனை பேரையும் ஒரே பக்கத்துக்கு வரச் சொல்வது. முதல்வரும் சிறப்பு விருந்தினரும் எதிர்ப்பக்கப் பந்தலில் உட்கார்ந்திருந்தால் அவர்களையும் சேர்த்துத்தான். அவர்கள் எழுந்து வரும்வரை பேட்டரியைச் செருகாதீர்கள்.